மாத்திரை போட்டும் இரத்தம் ஏறவில்லை: ரொட்டி, பருப்பு, தேத்தண்ணி, எதை எப்போது?

கொழுந்துக்கூடை (தலவாக்கலை)
எங்கள் தேயிலைத் தோட்டப் பிரிவுத் தாய்மார் குழுவுக்கு ஒரு பக்கத் தாள் ஒன்று தயாரிக்கிறோம். கிளினிக்கில் கொடுக்கும் இரும்பு மாத்திரையை ஒழுங்காகப் போடுகிற கர்ப்பிணிகள் சிலருக்கும் ஹீமோகுளோபின் 10, 10.5 என்றே நிற்கிறது. காலையில் கோதுமை மா ரொட்டியும் சம்பலும், பகலுக்கு ரொட்டியோ சோறோ பருப்போடு, ஒவ்வொரு சாப்பாட்டோடும் தேத்தண்ணி. இதுதான் பெரும்பாலான வீடுகளில் சாப்பாடு. "பீட்ரூட் சாப்பிடு, பேரீச்சம்பழம் சாப்பிடு" என்ற அறிவுரை எல்லாருக்கும் மனப்பாடம். உடம்புக்குள்ளே எந்த இடத்தில் பிழைக்கிறது, லயத்து அடுப்பில் எதை மாற்றலாம் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். விலை கூடிய சாமான் வேண்டாம்.

குடல்வழி (பேராதனை)
முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒருவர் ஒரு நேரத்துக்குச் சாப்பிடும் பருப்பு, காய்ந்த எடையில் 40 கிராம் என்றால் அதில் ஏறத்தாழ 3 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. செறிவூட்டாத 100 கிராம் வெள்ளைக் கோதுமை மாவில் 1.2 மில்லிகிராம்தான். கீரை, சம்பல், சோறு எல்லாம் சேர்த்தாலும் நாளுக்கு 8 முதல் 10 மில்லிகிராம் தேறும். பார்க்கக் குறைவாகத் தெரியாது. ஆனால் தாவர உணவில் உள்ள இரும்பில் 2 முதல் 20 சதவீதம்தான் உடம்பில் சேரும். கூட என்ன சாப்பிட்டோம் என்பதைப் பொறுத்துத்தான் அது 2 ஆவதும் 20 ஆவதும். இறைச்சி, மீன், ஈரல் ஆகியவற்றில் இருக்கும் ஹீம் இரும்பு 15 முதல் 35 சதவீதம் வரை சேரும்.

மாதவிடாய் வரும் வயதுப் பெண்ணுக்கு நாளுக்குச் சராசரியாக 1.5 மில்லிகிராம் இரும்பு இரத்தத்துக்குள் போய்ச் சேரவேண்டும். கர்ப்பத்தின் பிற்பாதியில் அந்தத் தேவை 4 முதல் 6 மில்லிகிராமுக்கு ஏறுகிறது. மேலே சொன்ன சாப்பாட்டில் 5 சதவீதம் சேர்ந்தால் கிடைப்பது அதிகம் போனால் அரை மில்லிகிராம்தான். இந்த இடைவெளிக்காகத்தான் மாத்திரை.

இனி வழியைப் பாருங்கள். ரொட்டியின் மாப்பொருள் வாயில் உமிழ்நீர் பட்டதுமே உடையத் தொடங்கும். இரும்புக்கு வாயில் எதுவும் நடக்காது. இரைப்பையில் அமிலம் அதைக் கரைக்கிறது. அமிலம் போதாவிட்டால் கரையாமலே கீழே இறங்கிவிடும். இரைப்பைக்கு அடுத்து வரும் முன்சிறுகுடல் 25 சென்டிமீற்றர் நீளம்தான். சிறுகுடல் முழுவதும் ஏறத்தாழ 6 மீற்றர் இருந்தாலும் இரும்பு பெரும்பாலும் உறிஞ்சப்படுவது அந்த முதல் துண்டிலும் அதை ஒட்டிய பகுதியிலும்தான். அங்கே குடல் சுவர் ஃபெரஸ் வடிவ இரும்பைத்தான் உள்ளே எடுக்கும். தாவர உணவில் வருவதோ பெரும்பாலும் ஃபெரிக் வடிவம். அதை ஃபெரஸாக மாற்றிக் கரைந்த நிலையிலேயே வைத்திருக்க விற்றமின் சி உதவுகிறது. தேத்தண்ணியின் துவர்ப்புப் பொருட்கள் அதே இடத்தில் இரும்பைப் பிடித்துக் கரையாத கட்டியாக்கிவிடும். பிறகு அது மலத்தோடு போகவேண்டியதுதான்.

சாப்பாட்டோடு ஒரு கோப்பை கடும் சாயத் தேத்தண்ணி குடித்தால் அந்தச் சாப்பாட்டிலிருந்து சேரும் தாவர இரும்பு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஆகவே உங்கள் தாளில் முதல் வரி தேத்தண்ணியைப் பற்றியதாக இருக்கட்டும்.

மலைக்காற்று (பொகவந்தலாவை)
விளக்கம் சரி. ஆனால் தோட்டத்தில் போய் "தேத்தண்ணி குடிக்காதே" என்று சொன்னால் யாரும் கேட்கமாட்டாங்க. விடியக்காலைக் குளிரில் மலைக்கு ஏறுகிறவங்களுக்கு உடம்பைச் சூடாக்குவது அது ஒன்றுதான். பாதிப் பேருக்குப் பசியை அடக்குவதும் அதுதான். பால் ஊற்றிக் குடித்தால் துவர்ப்புப் போய்விடுமே, அப்படிச் சொன்னால் என்ன?

குடல்வழி (பேராதனை)
நிறுத்தச் சொல்லவே வேண்டாம், நேரத்தை மாற்றச் சொல்லுங்கள். எழும்பினவுடன் தேத்தண்ணி, ஒரு மணி நேரம் கழித்துப் புறப்படும் முன் ரொட்டி. ஒரு மணி நேர இடைவெளி இருந்தாலே தடை வெகுவாகக் குறைந்துவிடும். பத்து மணிக்கு வெறும் தேத்தண்ணி குடிப்பதில் ஒரு பிரச்சினையும் இல்லை, அதோடு ரொட்டி சேராமல் இருந்தால் சரி. பகல் சாப்பாட்டோடு சூடாக ஏதாவது வேண்டுமென்றால் சுடுதண்ணி. தேசிக்காய் பிழிந்தால் இன்னும் நல்லது. இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீயும் பிளேன்டீதான், அதற்கு விலக்கு இல்லை.

பால் ஊற்றுவதால் இரும்புக்கு நன்மை கிடைக்காது. பாலின் கல்சியமும் இரும்பு சேர்வதைத் தடுக்கும் பொருள்தான்.

சாப்பிட்டதும் போடும் வெற்றிலையையும் கவனியுங்கள். பாக்கில் இதே இனத் துவர்ப்புப் பொருட்கள் நிறைய உண்டு. பாக்கு வாய்ப்புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதியான விஷயம். அந்தக் காரணம் ஒன்றே அதை விடப் போதும், இரும்பு விஷயம் அதற்குப் பிறகுதான்.

மருந்துக்கட்டு (நானுஓயா)
கொழுந்துக்கூடை அக்கா, நான் மாத்திரைப் பக்கத்தை எழுதுகிறேன். அதிகம் பிழைப்பது இங்கேதான்.

கிளினிக்கில் இரும்பு, ஃபோலிக் அமிலம், விற்றமின் சி, கல்சியம் லக்டேட் எல்லாம் தருவாங்க. பலர் எல்லாவற்றையும் உள்ளங்கையில் கொட்டி இரவுச் சாப்பாடு முடிந்தகையோடு தேத்தண்ணியில் விழுங்குவாங்க. கல்சியமும் இரும்பும் ஒரே நேரத்தில் போனால் இரும்பு சேர்வது குறைகிறது, தேத்தண்ணியால் மேலும் குறைகிறது. ஆகவே கல்சியத்தைப் பகல் சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இரும்பையும் விற்றமின் சியையும் சேர்த்து, இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு, படுக்கப் போகும்போது, வெறும் தண்ணீரில். குமட்டல் வருகிறவர்களுக்கும் இரவுதான் நல்லது, தூக்கத்தில் அது தெரியாமல் போகும். அப்படியும் தாங்காவிட்டால் ஒரு வாய் சோற்றோடு போடட்டும். சேர்வது கொஞ்சம் குறையும், ஆனாலும் போடாமல் விடுவதைவிட மேல்.

200 மில்லிகிராம் ஃபெரஸ் சல்பேற் மாத்திரை ஒன்றில் உண்மையான இரும்பு 65 மில்லிகிராம் அளவில் இருக்கும். சேராத மிச்சம் குடலிலே நின்று மலத்தைக் கறுப்பாக்கும். கறுப்பைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடுகிறவர்கள் பலர். சாதாரணக் கறுப்பு பரவாயில்லை. தார் போல ஒட்டும், கெட்ட நாற்றம் அடிக்கும் கறுப்பு என்றால் உள்ளே இரத்தம் கசிகிறதோ என்று பார்க்கவேண்டும். அப்போது காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

ஒரு நாள் மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகப் போடவேண்டாம். ஒரு தடவை இரும்பு மாத்திரை போனதும் ஈரல் ஹெப்சிடின் என்ற ஹோர்மோனைச் சுரந்து ஏறத்தாழ ஒரு நாளுக்குக் குடல் கதவைப் பாதி சாத்திவிடும். சேர்த்துப் போட்டால் வயிற்றெரிச்சல்தான் கூடும்.

ஒழுங்காகப் போட்டால் ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் ஒரு கிராமாவது ஏறவேண்டும். ஏறாவிட்டால் "நீ போடவில்லை" என்று தாயைத் திட்டுவதில் அர்த்தமில்லை. காரணம் தேடவேண்டும்.

சின்னத்துரை_வாசகன் (பதுளை)
காரணம் தேடும்போது கேஸ்ட்ரைட்டிஸ் மாத்திரையையும் சேர்த்துக்கொள்ளலாமா? எங்கள் பக்கம் நெஞ்செரிச்சல் என்றாலே ஒமெப்ரசோல் வாங்கிப் போட்டுக்கொண்டே இருப்பார்கள், மாசக்கணக்கில்.

மருந்துக்கட்டு (நானுஓயா)
கட்டாயம் சேர்க்கவேண்டும் அண்ணே. ஒமெப்ரசோல் அமிலச் சுரப்பைக் குறைக்கிறது. குடல்வழி மேலே சொன்னபடி, அமிலம் இல்லாமல் தாவர இரும்பு கரையாது. நீண்ட காலம் போட்டால் பி12 சேர்வதும் குறையும். வைத்தியர் சொல்லிப் போடுகிறவர்கள் தாமாக நிறுத்தக்கூடாது. கடையில் தாமாகவே வாங்கித் தொடருகிறவர்கள் வைத்தியரிடம் போய்க் காட்டவேண்டும், ஏனென்றால் ஹெலிகோபக்டர் பைலோரி என்ற கிருமி இரைப்பையில் இருந்தால் அதுவே எரிச்சலையும் இரும்புக் குறைவையும் சேர்த்துக் கொண்டுவரும். அதற்கு வேறு சிகிச்சை உண்டு. வெள்ளை நிற அன்டாசிட் மருந்தையும் இரும்பு மாத்திரையையும் இரண்டு மணி நேரமாவது பிரித்துப் போடவேண்டும்.

வெறுங்கால் (மாத்தளை)
யாரும் கொக்கிப்புழுவைத் தொடவில்லையே. இரும்பு உள்ளே போகும் அதே குடல் பகுதியில்தான் இந்தப் புழு பல்லைப் பதித்துத் தொங்கும், இரத்தத்தை உறிஞ்சும். ஒரு புழு நாளுக்கு உறிஞ்சுவது இனத்தைப் பொறுத்து 0.03 முதல் 0.2 மில்லிலீற்றர் வரை. நூறு புழு இருந்தால் என்னவாகும் என்று பெருக்கிப் பாருங்கள். ராக்ஃபெல்லர் நிதியத்தின் சுகாதாரப் பிரிவு 1916ல் இலங்கைத் தோட்டங்களில் வேலை தொடங்கியது இந்தப் புழுவுக்காகத்தான்.

இது வாய் வழியாக வருவது குறைவு. மலத்தோடு வெளியேறும் முட்டை ஈரமான நிழல் மண்ணில் ஓரிரு நாளில் பொரிக்கும். ஒரு வாரம் போல வளர்ந்த குடம்பி வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போகும். இரத்தத்தோடு நுரையீரலுக்கு, அங்கிருந்து தொண்டைக்கு, விழுங்கப்பட்டுக் குடலுக்கு. கால்விரல் இடுக்கில் திடீரென்று வரும் அரிப்பு சிலருக்கு முதல் அடையாளம். மண்ணுக்குச் சூடும் ஈரமும் சேர்ந்து வேண்டும் என்பதால் நுவரெலியாக் குளிரில் இது குறைவு. மாத்தளை, பதுளைத் தாழ்வான தோட்டங்களுக்கு இறங்க இறங்கக் கூடும். அங்கே செருப்பும் மலசலகூடமும் இரும்பு மாத்திரை அளவுக்கே முக்கியம்.

கர்ப்பிணிகளுக்குக் குடற்புழு மருந்து முதல் மூன்று மாதம் கழிந்த பிறகுதான். கிளினிக்கில் தருவதைத் தவறாமல் போடவேண்டும். கடையில் தாமாக வாங்கி முதல் மூன்று மாதத்தில் போடக்கூடாது.

குடல்வழி (பேராதனை)
நல்ல நினைவூட்டல். இரண்டு விஷயம் சேர்க்கிறேன். எல்லா இரத்தக்குறைவும் இரும்புக்குறைவு இல்லை. தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் கோளாறின் மரபணுவைத் தாய் தகப்பனில் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர்களுக்கும் செவ்வணு சிறிதாக இருக்கும், ஹீமோகுளோபின் சற்றுக் குறைவாக நிற்கும், எவ்வளவு இரும்பு கொடுத்தாலும் ஏறாது. முழு இரத்தப் பரிசோதனையிலும், இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவிலும் இது பிரிந்து தெரியும்.

அடுத்தது உயரம். மலையில் காற்றில் ஒட்சிசன் அழுத்தம் குறைவு என்பதால் உடம்பு இயல்பாகவே கொஞ்சம் கூடுதல் ஹீமோகுளோபின் வைத்துக்கொள்ளும். உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டலில் 1,500 முதல் 1,999 மீற்றர் உயரத்தில் வாழ்பவர்களின் அளவிலிருந்து 1.1 கிராம் கழித்துப் பார்க்கச் சொல்கிறார்கள். நுவரெலியா நகரம் 1,868 மீற்றர். அங்கே கர்ப்பமில்லாத ஒரு பெண்ணுக்கு 12.6 என்று வந்தால் எல்லை 12 என்பதால் "பரவாயில்லை" என்று விடுவோம். கழித்தால் 11.5, அதாவது குறைவு. ஹட்டன், தலவாக்கலை உயரத்துக்குக் கழிக்கவேண்டியது 0.8. தாளில் இதைப் போட்டுக் குழப்பவேண்டாம், ஆனால் எல்லையை ஒட்டி நிற்கும் தாய்மார் கிளினிக்கில் கேட்கலாம்.

நீராவி (ஹட்டன்)
உயரம் என்றதும் அடுப்புக்கும் வருவோம், அங்கேயும் அது வேலை காட்டும். தண்ணீர் கடல் மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கும். ஹட்டனில் ஏறத்தாழ 96, நுவரெலியாவில் 94. கொதிக்கிறது என்று பார்த்துவிட்டு இறக்கினால் கடலை, கௌபி, சிவப்புப் போஞ்சி விதை எதுவும் உள்ளே வெந்திருக்காது. அரைவேக்காட்டுப் பருப்பு வகையைச் சாப்பிட்டு வயிறு ஊதியதும் "எனக்குப் பருப்பு ஒத்துக்கொள்ளாது" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அத்தோடு புரதமும் இரும்பும் ஒதுங்கிவிடும்.

வயிறு ஊதுவதற்கு முக்கிய காரணம் பருப்பு வகையில் உள்ள ராஃபினோஸ் போன்ற சர்க்கரைகள். அவற்றை உடைக்கும் நொதி நமக்கு இல்லை. உடையாமல் பெருங்குடல் வரை போனதும் அங்குள்ள கிருமிகள் அவற்றைப் புளிக்கவைத்து வாயு உண்டாக்கும். இரவு முழுக்க, 8 முதல் 12 மணி நேரம் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் அவித்தால் அதில் ஒரு பகுதி போய்விடும். சிவப்புப் போஞ்சி விதையில் நச்சு லெக்டினும் உண்டு. அதை ஊறவைத்த பிறகு நம் உயரத்தில் அரை மணி நேரமாவது தளதளவென்று கொதிக்கவிடவேண்டும். மெல்லிய நெருப்பில் வைத்துவிட்டுப் போனால் வாந்தியில் முடியும். பிரஷர் குக்கர் இருந்தால் உள்ளே 115 பாகைக்கு மேல் போகும், விறகும் மிச்சம்.

இரண்டு பழக்கத்தை விடவேண்டும். ஒன்று, சீக்கிரம் வேகட்டும் என்று அப்பச்சோடா அள்ளிப் போடுவது, அது விற்றமின் பி1ஐ அழித்துவிடும். மற்றது புளியையோ தக்காளியையோ முதலிலேயே போடுவது. அமிலம் பட்டால் தோல் இறுகிப் பருப்பு வேகாது. மசிந்த பிறகு புளி.

கொழுந்துக்கூடை (தலவாக்கலை)
மிகவும் பயன்படுகிறது. பயறு முளைகட்டுவதைப் பற்றி யாராவது சொல்லுங்கள். இங்கே குளிரில் முளை வராமல் நாறிப்போகிறது என்று சொல்கிறார்கள்.

நீராவி (ஹட்டன்)
8 மணி நேரம் ஊறவைத்துத் தண்ணீரை முழுக்க வடித்து, ஈரத்துணியில் கட்டி, அடுப்படிச் சூடு படும் இடத்தில் தொங்கவிடுங்கள். நாறுவது பெரும்பாலும் தண்ணீர் தேங்குவதால். காலையும் மாலையும் துணியோடு அலசிப் பிழிந்து திரும்பவும் கட்டவேண்டும். கீழ்நாட்டில் ஒரு நாளில் வரும் முளை நம் பக்கம் இரண்டு நாள் எடுக்கும். முளை அரை விரற்கடை வந்ததும் எடுத்துவிடுங்கள். முளைக்கும்போது இரும்பைக் கட்டிவைக்கும் பைட்டிக் அமிலம் குறைகிறது, விற்றமின் சி கொஞ்சம் உண்டாகிறது. கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் பச்சையாகச் சாப்பிடவேண்டாம், முளை வளரும் ஈரச் சூட்டில் கிருமியும் வளரும். அவித்துத் தாளித்துக் கொடுங்கள்.

மலைக்காற்று (பொகவந்தலாவை)
கோதுமை மாவுக்குப் பதில் குரக்கன் (கேழ்வரகு) ரொட்டி என்று தாளில் போடுங்கள். இரும்பு நிறைய இருக்கே.

குடல்வழி (பேராதனை)
குரக்கனில் சிறப்பு கல்சியம்தான், 100 கிராமில் 340 மில்லிகிராம் அளவுக்கு. நார்ச்சத்தும் நல்லது. இரும்பு கோதுமை மாவைவிடக் கூட இருந்தாலும் அதன் கறுத்த தோலில் துவர்ப்புப் பொருளும் பைட்டிக் அமிலமும் சேர்ந்தே இருக்கின்றன. ஆகவே இரத்தம் ஏறுவதற்கென்று குரக்கனை நம்பச் சொல்லமாட்டேன். மூன்று பங்கு கோதுமை மாவுக்கு ஒரு பங்கு குரக்கன் மா கலந்தால் மலச்சிக்கலுக்கு உதவும், இரும்பு மாத்திரை போடுகிறவர்களுக்கு அதுவும் தேவைதான். பீட்ரூட்டும் இப்படித்தான். 100 கிராமில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை, சிவப்பு நிறம் பெட்டாலெயின் என்ற நிறமி. ஃபோலேற்றுக்காகச் சாப்பிடலாம்.

விற்றமின் சிக்கு வருவோம், இதில்தான் காசு செலவில்லாத வழி இருக்கிறது. கொய்யாப்பழத்தில் 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. தேசிக்காய்ச் சாற்றில் 30தான், ஒரு காயைப் பிழிந்தால் 10 மில்லிகிராம் தேறும். ஆகவே வேலியோரக் கொய்யாவைப் பிள்ளைகளுக்கென்று மட்டும் விடாமல் தாயும் பகல் சாப்பாட்டோடு ஒரு பழம் சாப்பிடவேண்டும். கொய்யா இல்லாத காலத்தில் பச்சைக் கோவாவை மெல்லிசாகச் சீவி உப்பும் தேசிக்காயும் பிசறி ஒரு கைப்பிடி. அதில் 50 கிராமுக்கு 18 மில்லிகிராம் வரும். சூடு பட்டால் விற்றமின் சி அழியும் என்பதால் தேசிக்காயைக் கறி இறக்கிய பிறகே பிழியவேண்டும்.

வெறுங்கால் (மாத்தளை)
தண்ணீரையும் தாளில் சேருங்கள். மலையில் ஒதுங்க இடம் இல்லாததால் பெண்கள் பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். மாத்திரை மலத்தை இறுக்கும், தண்ணீரும் இல்லை, பெருங்குடல் இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிவிடும். பிறகு மூலம், இரத்தம் போதல், அதனால் இன்னும் இரும்பு இழப்பு. சிறுநீர்க்குழாய்த் தொற்று வேறு. வேலைத்தலத்தில் மலசலகூடம் கேட்பது சத்துணவுக் கோரிக்கையும்தான் என்று எழுதுங்கள்.

பிள்ளைமடுவம் (மஸ்கெலியா)
பிள்ளைகளைப் பற்றியும் இரண்டு வரி வேண்டும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். ஆறு மாதத்துக்குப் பிறகு பிள்ளையின் இரும்புக் கையிருப்பு தீர்ந்துபோகும், அப்போதுதான் பருப்பு, கீரை, முட்டை, மசித்த மீன் எல்லாம் தொடங்கவேண்டும். அந்த வயதில் பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் தோய்த்துக் கொடுப்பது சின்ன வயிற்றை மாப்பொருளாலும் சீனியாலும் நிரப்பிவிட்டு, வருகிற கொஞ்ச இரும்பையும் தடுத்துவிடும். சின்னப் பிள்ளைகளுக்குத் தேத்தண்ணியே வேண்டாம்.

கிளினிக்கில் தரும் திரிபோஷ சத்துமா மாதம் 750 கிராம் பைக்கற் இரண்டு கிடைத்தால் நாளுக்கு 50 கிராம் கணக்கு. அது தாய்க்கும் எடை குறைந்த பிள்ளைக்கும் என்று தருவது. வீட்டில் எல்லாரும் பங்கிட்டால் யாருக்கும் பயன் தராது. உருண்டை பிடித்துத் தேத்தண்ணியோடு சாப்பிடாமல் பழத்தோடு சாப்பிடட்டும்.

கொழுந்துக்கூடை (தலவாக்கலை)
நெத்தலிக் கருவாடு பல வீட்டில் உண்டு. கறுக்க வறுத்தால் சத்துப் போய்விடுமா? ஈரல் பற்றியும் கேட்டார்கள்.

குடல்வழி (பேராதனை)
இரும்பும் கல்சியமும் தாது, சூட்டில் அழியாது. கறுக்க வறுத்தால் கெடுவது புரதத்தின் ஒரு பகுதியும் எண்ணெயும்தான், பொன்னிறத்தில் எடுத்துவிடுங்கள். தலையைக் கிள்ளினாலும் முள்ளை எடுக்கவேண்டாம், கல்சியம் முள்ளில்தான். உப்புக் கூடுதலாக இருந்தால் சுடுதண்ணியில் ஐந்து நிமிடம் போட்டு வடியுங்கள், இரத்த அழுத்தம் உள்ள தாய்மாருக்கு இது கட்டாயம். மீன் கொஞ்சம் சேர்ந்தாலே அதே தட்டில் உள்ள பருப்பின் இரும்பும் கூடச் சேரும். ஆகவே நெத்தலியை ஒரு நாள் தனியாக நிறையப் பொரிப்பதைவிடத் தினமும் பருப்போடு ஒரு பிடி போடுவது பலன் கூட. கோழி ஈரலில் 100 கிராமுக்கு 9 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு உண்டு. ஆனால் விற்றமின் ஏ மிகவும் அதிகம் என்பதால் கர்ப்ப காலத்தில் ஈரலைத் தவிர்த்து, பிள்ளை பிறந்த பிறகு வாரம் ஒரு முறை கொடுக்கலாம்.